மூன்று வாரத்தில் அயர்லாந்து: டப்ளின் கோடைக்காலப் படிப்பு – ஒரு மதிப்பீடு

அயர்லாந்தின் பண்பாட்டையும் சமூகத்தையும் வெளிநாட்டு மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தும் குறுகிய காலப் படிப்புகளை டப்ளின், கால்வே, கார்க் ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்கள் கோடைதோறும் நடத்துகின்றன. அவற்றுள் டப்ளினில் ஜூலை மாதம் நடக்கும் மூன்று வாரப் படிப்பு ஒன்றில் சேர்ந்து முடித்துவிட்டு வந்திருக்கிறேன். கல்லூரியில் சமூகவியல் கற்பிப்பவன் என்பதால், இது ஒரு சுற்றுலாவுக்குச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடாக இருந்துவிடுமோ என்ற ஐயத்தோடுதான் விண்ணப்பித்தேன். அந்த ஐயம் முதல் வாரத்திலேயே நீங்கிவிட்டது. கட்டணம் அதிகம், நிர்வாகத்தில் குறைகள் உண்டு, இன்றைய அயர்லாந்தைப் பற்றிய பகுதி மெலிந்திருக்கிறது. இருந்தும், ஒரு சிறிய நாடு தன் பழைய காயங்களைப் பற்றித் தனக்குள் எப்படி வாதிட்டுக்கொண்டிருக்கிறது என்பதை இவ்வளவு நேர்மையாகக் கற்றுத்தரும் படிப்பு என்பதால், தகுந்தவர்கள் சேரலாம் என்றே சொல்வேன்.

காலையில் இரண்டு விரிவுரைகள், பிற்பகலில் நகருக்குள் களப்பயணம், வாரம் ஒருமுறை வெளியூர்ப் பயணம் என்று நாள்கள் போகின்றன. வரலாறு, மொழி, இலக்கியம், இசை, விளையாட்டு, அரசியல் என ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு ஆசிரியர்கள் வருகிறார்கள். இறுதியில் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் கிரெடிட் உண்டு. வகுப்பில் பெரும்பாலோர் அமெரிக்க இளநிலை மாணவர்கள். அவர்களில் பலருக்குக் கொள்ளுப்பாட்டனோ பாட்டியோ அயர்லாந்திலிருந்து கப்பலேறியவர்களாக இருப்பதால், பாடத்தின் சில பகுதிகளில் அவர்கள் காட்டிய உணர்ச்சி வகுப்புக்குத் தனி வலுவைத் தந்தது.

படிப்பின் மிகச் சிறந்த பகுதி 1845 முதல் 1852 வரை நீடித்த பெரும் பஞ்சத்தைப் பற்றியது. உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் அழுகச்செய்தது என்பது எல்லோரும் அறிந்த செய்தி. மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அந்த ஒற்றைப் பயிரை நம்பி வாழும் நிலைக்கு எப்படித் தள்ளப்பட்டார்கள், நிலம் யார் கையில் இருந்தது, ஊரே பட்டினி கிடந்தபோது தானியமும் கால்நடையும் வெண்ணெயும் எப்படித் துறைமுகங்கள் வழியாக இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன என்ற கேள்விகளிலிருந்துதான் ஆசிரியர் தொடங்கினார். 1847 கோடையில் அரசின் கஞ்சித்தொட்டிகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 லட்சம் பேருக்கு உணவளித்தன. அப்படிச் செய்ய முடியும் என்று மெய்ப்பித்த அதே அரசு, சில மாதங்களில் அவற்றை மூடிவிட்டு, ஏழைகளின் பொறுப்பை உள்ளூர் வரிப்பணத்தின் தலையில் சுமத்தியது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவர் அதை விட்டுக்கொடுத்தாலொழிய நிவாரணம் இல்லை என்ற விதியும் அப்போதுதான் வந்தது. சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதற்குக் குறையாத எண்ணிக்கையில் மக்கள் நாட்டை விட்டுப் போனார்கள். 1841 கணக்கெடுப்பில் 82 லட்சத்தை ஒட்டியிருந்த தீவின் மக்கள்தொகை, வடபகுதியையும் சேர்த்துப் பார்த்தாலும் இன்று 70 லட்சத்தைச் சற்றே தாண்டியிருக்கிறது.

இந்த விரிவுரைக்குப் பிறகு ராஸ்காமன் மாவட்டத்திலுள்ள ஸ்ட்ரோக்ஸ்டவுன் மாளிகைக்கு அழைத்துச் சென்றார்கள். தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. மாளிகையின் உரிமையாளரான டெனிஸ் மஹோன் 1847-இல் தன் குடியானவர்களில் 1,490 பேரை டப்ளின் வரை நடக்கவைத்து, லிவர்பூல் வழியாகக் கனடாவுக்குக் கப்பலேற்றினார். அவர்களில் பலர் கடலிலேயே இறந்துபோனார்கள். அதே ஆண்டு நவம்பரில் மஹோனும் சுட்டுக்கொல்லப்பட்டார். பண்ணையின் கணக்குகளும் கடிதங்களும் அழியாமல் கிடைத்திருப்பதுதான் இந்த இடத்தின் சிறப்பு. 1846-இல் க்ளூனஹி கிராமத்தார் எழுதிய மனு ஒன்று அங்கே இருக்கிறது. குடும்பத்தார் உணவு கேட்டு அழுவதை இனியும் தாங்க முடியாது என்றும், பசி நெருக்கினாலொழியச் சட்டத்துக்குப் புறம்பான எதிலும் இறங்க மாட்டோம் என்றும் பணிவோடு எழுதும் அவர்கள், பசி என்ற சொல்லை மட்டும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். ஒரு பேருந்து நிறைய வந்த மாணவர்கள் அதன் முன் பேச்சற்று நின்றதைப் பார்த்தபோது, இந்தப் பயணத்தை இப்பாடத்தோடு இணைத்தவர் தம் தொழிலை நன்கு அறிந்தவர் என்று தோன்றியது.

தமிழ்நாட்டிலிருந்து போகும் ஒருவருக்கு இந்தப் பகுதியில் கூடுதலாக ஒன்று கிடைக்கும். லண்டன் கருவூலத்திலிருந்து அயர்லாந்து நிவாரணத்தை நிர்வகித்தவரும், பஞ்சத்தை இறைவன் வகுத்த நியதியாகக் கண்டவருமான சார்லஸ் டிரவெல்யன்தான் 1859-இல் மெட்ராஸ் மாகாணத்தின் ஆளுநராக வந்தார். 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தின்போது ஆட்சியாளர்கள் தானியச் சந்தையில் தலையிட மறுத்ததற்குச் சொன்ன காரணங்கள், அயர்லாந்தில் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு சொல்லப்பட்டவையே. இதை நான் வகுப்பில் எழுப்பியபோது, ஆசிரியர் அன்றைய திட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அரை மணி நேரம் அதைப் பற்றிப் பேச இடம் கொடுத்தார். இத்தகைய திறந்த மனம் எல்லா ஆசிரியர்களிடமும் இருந்தது.

அயர்லாந்தின் சொந்த மொழியான ஐரிஷைப் பற்றிய வகுப்புகளும் நிறைவாக இருந்தன. 1831-இல் தொடங்கப்பட்ட தேசியப் பள்ளிகள் ஆங்கிலத்திலேயே கற்பித்ததும், பஞ்சத்தில் மடிந்தவர்களிலும் வெளியேறியவர்களிலும் பெரும்பகுதியினர் ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதியினராக இருந்ததும், ஆங்கிலம் இல்லாமல் அமெரிக்காவில் பிழைக்க முடியாது என்று பெற்றோரே முடிவு செய்ததும் சேர்ந்து ஒரு மொழியைச் சில தலைமுறைகளில் ஓரத்துக்குத் தள்ளிவிட்டன. 1937-ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் ஐரிஷைத் தேசிய மொழியாகவும் முதல் ஆட்சிமொழியாகவும் அறிவித்திருக்கிறது. பள்ளிகளில் அது கட்டாயப் பாடம். 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவல் மொழிகளுள் ஒன்று. 2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசத் தெரியும் என்றவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். கல்விக்கூடங்களுக்கு வெளியே நாள்தோறும் பேசுவதாகச் சொன்னவர்கள் சுமார் 72,000 பேர்தான். இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, அரசு செய்ததில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று மாணவர்களை வாதிட வைத்த வகுப்பை, மொழிக்கொள்கை பற்றி நான் உட்கார்ந்து கேட்ட வகுப்புகளிலேயே முதன்மையானதாகக் கருதுகிறேன். மொழிக்காக உயிர் கொடுத்தவர்களின் பெயரைத் தெருக்களுக்கு வைத்திருக்கும் ஊரிலிருந்து போகிற எவரும் அந்த வாதத்தில் வாய் மூடி இருக்க முடியாது.

அதை ஒட்டிய பயணம் கால்வேக்கு மேற்கே கோனமாராவுக்கு. ஐரிஷ் இன்னும் வீட்டுமொழியாக இருக்கும் கரையோரப் பகுதி அது. இருபுறமும் சாந்து பூசாத கற்சுவர்கள், ஐரிஷில் மட்டும் எழுதப்பட்ட ஊர்ப்பெயர்ப் பலகைகள், 1996 முதல் அம்மொழியில் ஒளிபரப்பும் டிஜி4 தொலைக்காட்சியின் நிலையம் என்று பார்த்துக்கொண்டே போய், மாலையில் ஓர் ஊர்க்கூடத்தில் ஷான் நோஸ் என்னும் பழைய மரபுப் பாட்டுக் கேட்டோம். பக்கவாத்தியம் எதுவும் கிடையாது. வயதான பாடகர் கண்களை மூடிக்கொண்டு, ஒரே அடியை ஒவ்வொரு முறையும் சற்றே மாற்றி, ஓர் எழுத்தின் மேல் பல சுரங்களை இழைத்துப் பாடினார். பாட்டின் நடுவில் பக்கத்தில் இருந்தவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, ராட்டை சுற்றுவதைப் போல மெல்லச் சுழற்றத் தொடங்கினார். பாடுபவருக்குத் துணை நிற்கும் பழைய வழக்கமாம் அது. மறுநாள் டப்ளினில் பிடில், தகர விசில், பவ்ரான் என்ற தோல்கருவி ஆகியவற்றோடு நடந்த செயல்முறை வகுப்பு கலகலப்பாகவே இருந்தாலும், கோனமாராவில் கேட்டதற்குப் பிறகு அது மேலோட்டமாகவே பட்டது. வரிசையை மாற்றி, கருவியிசையை முதல் வாரத்தில் வைத்தால் நன்றாக இருக்கும்.

திருச்சபையும் அரசும் என்ற தலைப்பில் நடந்த வகுப்புகளுக்குத் தனித் துணிவு வேண்டும். நாட்டின் அழகைக் காட்டவென்றே நடத்தப்படும் படிப்பாக இருந்திருந்தால் இந்தப் பகுதியே இருந்திருக்காது. கத்தோலிக்கத் திருச்சபைக்கு அரசமைப்பில் தரப்பட்டிருந்த தனியிடம் 1972-இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் நீக்கப்பட்டது. அரசுப் பணியிலிருந்த பெண்கள் திருமணமானால் வேலையை விட வேண்டும் என்ற விதி 1973 வரை இருந்தது. மணமுறிவு 1995 வாக்கெடுப்பில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வேறுபாட்டில்தான் அனுமதிக்கப்பட்டது. அதே நாடு 2015-இல் தன்பாலினத் திருமணத்துக்கு 62 சதவீத ஆதரவு தந்தது. 2018-இல் கருக்கலைப்புத் தடையை 66 சதவீத வாக்குகளால் அகற்றியது. இருபது ஆண்டுகளில் ஒரு சமூகம் இவ்வளவு தூரம் நகர்ந்ததற்கான விடையைத் தேடி எங்களை நடத்திச் சென்ற இடம் ஷான் மக்டெர்மட் தெரு.

டப்ளினின் முதன்மை வீதியான ஓ'கானல் தெருவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் அந்தக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. திருமணத்துக்கு வெளியே கருவுற்றவர்கள், ஆதரவற்றவர்கள், குடும்பத்தாரால் கைவிடப்பட்டவர்கள் எனப் பலவகைப் பெண்களை அடைத்துவைத்து, ஊதியமின்றித் துணி வெளுக்க வைத்த, கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய மக்தலேனா சலவைக்கூடங்களில் கடைசியாக 1996-இல் மூடப்பட்டது அதுதான். நாட்டின் சார்பில் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2013-இல். அந்தக் கட்டடத்தை ஹோட்டல் கட்டுவதற்கு விற்கும் திட்டத்தை மாநகர மன்றம் 2018-இல் நிராகரித்தது. இப்போது அதை நினைவு மையமாக்கும் பணி நடக்கிறது. கால்வே மாவட்டத்தின் டூவம் ஊரில் திருமணமாகாத தாய்மார்களுக்கான தாய்-சேய் இல்லம் ஒன்றில் இறந்த 796 குழந்தைகளின் பதிவுகளைத் தனியொருவராகத் தேடித் தொகுத்து 2014-இல் உலகறியச் செய்த உள்ளூர் வரலாற்றாளர் கேத்தரின் கார்லெஸின் உழைப்பை ஆசிரியர் விரிவாகச் சொன்னார். ஆவணக்காப்பகத்தில் ஒருவர் பொறுமையோடு புரட்டிய இறப்புப் பதிவேடுகள் ஓர் அரசையே பதில் சொல்ல வைத்தன என்பதை என் மாணவர்களுக்கும் சொல்லத்தான் போகிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின் தலைவர்கள் சுட்டுக்கொல்லப்பட்ட கில்மேனம் சிறையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நாமாகப் போனால் அனுமதிச்சீட்டு கிடைப்பது அரிது என்பதால், படிப்பின் வழியாகப் போவது ஒரு வசதி. கல்லுடைக்கும் முற்றத்தில் இரண்டு சிலுவைகள் நிற்கின்றன. மற்றவர்கள் வீழ்ந்த இடத்துக்கு ஒன்று. காயத்தால் நிற்க முடியாமல் நாற்காலியில் அமர்த்திச் சுடப்பட்ட ஜேம்ஸ் கானலிக்கு வாயிலருகே மற்றொன்று. க்ரோக் பார்க் விளையாட்டரங்கில் 82,300 பேர் அமரலாம், ஆடுபவர்களோ எவரும் சம்பளம் வாங்காதவர்கள். 1920 நவம்பர் 21 அன்று பிரிட்டிஷ் படையினர் அங்கே புகுந்து சுட்டதில் 14 பேர் இறந்ததையும், அவர்களில் ஒருவரான ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகனின் பெயரைப் பார்வையாளர் மாடம் ஒன்று தாங்கி நிற்பதையும் அறிந்த பிறகு, அங்கே மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஹர்லிங் என்ற மரபு ஆட்டத்தை வேறு கண்ணோடுதான் பார்க்க முடிகிறது. ஓவியங்கள் நிறைந்த பழைய நற்செய்திச் சுவடியான கெல்ஸ் சுவடிக்கு ஒதுக்கிய நேரம் கூட்டத்தில் நகர்வதிலேயே கழிந்தது. ஏறத்தாழ 5,200 ஆண்டுப் பழமையான நியூகிரேஞ்ச் கல்லறைக்குள் நுழைந்து வரலாம். படிப்போடு அதற்குப் பெரிய தொடர்பு இல்லாவிட்டாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பெண்கள் வாக்குரிமை இயக்கத்தைப் பற்றிய விரிவுரை நன்றாக இருந்தது. 1908-இல் ஐரிஷ் மகளிர் வாக்குரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான மார்கரெட் கசின்ஸ் பின்னர் இந்தியாவுக்கு வந்து, 1917-இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவரானார் என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். அயர்லாந்தின் கதை அட்லாண்டிக் கடலை நோக்கியே சொல்லப்படுவதால் கிழக்குப் பக்கம் விடுபடுகிறது.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதும் வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்டுக்குப் போன பயணத்தைப் பற்றியது. தீவின் வடபகுதி பிரிட்டனைச் சேர்ந்தது. எல்லையில் சோதனைச்சாவடி எதுவும் இல்லாவிட்டாலும், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு, இரு நாடுகளுக்கும் செல்லும் கூட்டு விசா முத்திரை இல்லாவிட்டால், அங்கே போகப் பிரிட்டனின் அனுமதி வேண்டும், திரும்பி வரப் பலமுறை நுழைவுக்கான ஐரிஷ் விசாவும் வேண்டும். விண்ணப்பக் குறிப்புகளில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. விசாரித்து வைத்திருந்ததால் நான் போனேன். உடன் படித்த மற்றோர் இந்திய மாணவி, பயணத்துக்கு இரண்டு நாள் முன்புதான் விவரம் தெரிந்து, விடுதியிலேயே தங்க நேர்ந்தது. அவருக்குக் கட்டணத்தில் எந்தக் கழிவும் தரவில்லை. இது சரியன்று. ஏனெனில் அந்தப் பயணம் இல்லாமல் படிப்பு முழுமையாகாது. கத்தோலிக்கர் வாழும் ஃபால்ஸ் சாலைக்கும் புராட்டஸ்டண்டுகள் வாழும் ஷாங்கில் சாலைக்கும் நடுவே எழுப்பப்பட்ட சுவர்கள், 3,500-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன மோதல் 1998 ஏப்ரல் 10 அன்று உடன்படிக்கையில் முடிந்து இத்தனை ஆண்டுகளான பிறகும் அப்படியே நிற்கின்றன. சுவரில் பொருத்திய கதவுகளில் சிலவற்றை இரவில் இன்றும் சாத்துகிறார்கள். நம் கால்டுவெல் பிறந்த ஆன்ட்ரிம் மாவட்டமும் அங்கேதான் என்பதை எண்ணிக்கொண்டே அந்தச் சாலைகளில் நடந்தேன்.

இரண்டாவது குறை, இன்றைய சமூகத்துக்கு ஒரே ஒரு பிற்பகலை ஒதுக்கியிருப்பது. 2008-இல் பொருளாதாரம் சரிந்து, 2010-இல் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நிதியத்திடமும் கடன் வாங்கிய நாடு, இன்று பன்னாட்டு நிறுவனங்கள் செலுத்தும் வரியால் செழிக்கிறது. அதே நாட்டில் இளைஞர்களுக்கு வாடகை வீடு கிடைப்பது பெரும்பாடாக இருக்கிறது. 2022 கணக்கெடுப்பின்படி மக்களில் ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் மட்டும் 45,000-க்கும் மேல். இவற்றையெல்லாம் ஒரு விரிவுரையில் படங்களாகக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். 1916 எழுச்சியில் தாங்கள் கைப்பற்றியிருந்த தலைமைத் தபால் நிலையத்திலிருந்து வெளியேறிய போராளிகள் சரணடைய முடிவெடுத்த மூர் தெருவில், இன்று தள்ளுவண்டியில் பழம் விற்கும் பழைய டப்ளின் பெண்களுக்குப் பக்கத்திலேயே ஆப்பிரிக்க, ஆசியக் கடைகள் நடக்கின்றன. 1916-க்காக அந்தத் தெருவுக்கு எங்களை அழைத்துப் போனவர்கள், அந்தக் கடைக்காரர்களோடு ஒரு மணி நேரம் பேச ஏற்பாடு செய்திருந்தால் வகுப்பறையில் விடுபட்டது அங்கே கிடைத்திருக்கும்.

தங்குமிடம் பல்கலைக்கழக விடுதியில் தனி அறை, தூய்மையாக இருந்தது. சமையலறையைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டும், பாத்திரங்கள் போதாது. சைவ உணவுக்காரர்கள் உணவுச் செலவை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்வது நல்லது. பேருந்து, டிராம் எதுவானாலும் பயண அட்டையைத் தட்டினால் 90 நிமிடங்களுக்குள் மாறிச் செல்ல 2 யூரோதான். கட்டுரைக்குக் கொடுத்த அவகாசம் மிகக் குறைவு. கடைசி வாரத்தில் பெல்ஃபாஸ்ட் பயணத்தையும் வைத்துவிட்டு, அதே வாரத்தில் எழுதி முடிக்கச் சொல்வது படிப்பவருக்கும் திருத்துபவருக்கும் பயன் தராது. நூல்பட்டியலை ஜூன் மாதமே அனுப்பினால் இந்தச் சிக்கல் பாதி தீரும்.

வரலாறு, சமூகவியல், மொழியியல், நாட்டாரியல் படிக்கும் முதுநிலை மாணவர்களுக்கும் இளம் ஆசிரியர்களுக்கும் இப்படிப்பைப் பரிந்துரைக்கிறேன். அயர்லாந்தில் வேலை தேடும் வழியாக இதைக் கருதுபவர்கள் பணத்தை வீணாக்க வேண்டாம். குறுகிய காலப் படிப்பு விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. ஷெங்கன் விசா அயர்லாந்துக்குச் செல்லாது என்பதையும் நினைவில் வைத்து, தனி விசாவுக்கு ஏப்ரலிலேயே ஆயத்தமாகிவிடுங்கள். சேரும் முன் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் எழுதி மூன்று விவரங்களை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்: வடபகுதிப் பயணம் உண்டா, போக முடியாதவருக்கு மாற்று ஏற்பாடு என்ன, பெறும் கிரெடிட்டை உங்கள் கல்லூரி ஏற்பதற்குத் தேவையான ஆவணங்களைத் தருவார்களா.